ஆடாதவன் வைத்திருக்கும் கணக்கு

சூதாட்டத்தைக் கண்டித்து எழுதுவது சுலபம். தருமபுத்திரன் நாட்டை இழந்த நாள்தொட்டு எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். படிக்கிறவர்கள் தலையை ஆட்டுகிறார்கள், ஆடுகிறவர்கள் ஆடுகிறார்கள். எனக்கு அந்த உபதேசத்தில் நாட்டமில்லை. சூதுக்கும் ஒரு தர்மம் உண்டல்லவா? அதையும் திருடி விற்கிறவர்களோடுதான் என் சண்டை.

எங்கள் வைத்திக்குப்பத்து மணலில் சீட்டுப் போடுகிறவர்கள் நியாய சாஸ்திரம் படித்தவர்களல்லர். ஆனாலும், வேடிக்கை பார்க்கிறவன் ஒருவன் கைச்சீட்டை இன்னொருவனுக்குச் சொன்னால், அப்புறம் அவனை அங்கே நிற்க விடமாட்டார்கள்.

இணையத்தில் போக்கர் வந்தபோது இந்த வேடிக்கைக்காரன் இயந்திரமாகிவிட்டான். தன் காசில் ஒரு பைசா வைக்காமல், ஒரே சமயத்தில் பல மேசைகளைப் பார்க்கிறான். யார் பணம் கூட்டினார், யார் சீட்டை மடக்கினார், கடைசியில் யார் எதைக் காட்டினார் என்று எழுதி, ஆயிரக்கணக்கான ஆட்டங்களாக மூட்டை கட்டி விற்கிறான். வாங்கியவனுடைய திரையில் எதிராளியின் பெயருக்குப் பக்கத்திலேயே அவன் சுபாவம் சதவிகிதமாகத் தெரிகிறது. அந்த எதிராளி யார்? சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை வைத்து, இது சமமான ஆட்டம் என்று நம்பி உட்கார்ந்த குமாஸ்தா.

‘அதுவும் திறமைதானே?’ என்கிறார்கள். ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று வாதாடித்தான் கம்பெனிகள் 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து அவற்றை விடுவித்துக்கொண்டன. நல்லது. தான் ஆடியதை நினைவில் வைத்திருப்பது திறமை. தான் எட்டிக்கூடப் பார்க்காத ஆட்டங்களை விலைக்கு வாங்குவது, வினாத்தாளை முதல் நாளே வாங்குகிற மாணவனின் திறமை!

தடுக்க முடியாதா? முடியும். 2011ல் போடாக் என்ற நிறுவனம் மேசையிலிருந்து பெயர்களையே எடுத்துவிட்டது. 2019ல் பார்ட்டி போக்கர் ஆடுகிறவர்களைப் புதுப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னது. பெயர் ஒட்டாத கணக்கை யார் காசு கொடுத்து வாங்குவான்?

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘திருட்டைத் தடுக்கிறோம்’ என்ற சாக்கில் ஆடினவனுடைய சொந்தக் கணக்கையும் மறைத்துவிட்டால் கடைக்காரனுக்குப் பரம சௌகரியம். 2007ல் அப்சொல்யூட் போக்கர் தளத்தில் ஒரு கணக்கு மற்றவர்களுடைய மூடிய சீட்டைப் பார்த்தே ஆடியது. அதை வெளிப்படுத்தியது கம்பெனியல்ல, தோற்றவர்கள். ஆட்டப் பதிவு கையில் கிடைத்ததும் அதைத் துருவிப் பார்த்து மோசடியை நிரூபித்தார்கள். பதிவே கிடைக்காதிருந்தால்?

ஆகவே, ஆடினவனுக்கு அவன் ஆடியது, ஆடாதவனுக்கு ஒன்றுமில்லை, அரசாங்கத்துக்கு முழுப் பிரதி. இது கனவல்ல. 1954 வரை இந்தப் புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸ், 2010ல் இணைய ஆட்டச் சட்டம் இயற்றியபோது, அனுமதி பெற்ற கம்பெனிகள் ஆட்ட விவரங்களைத் தன் மண்ணிலேயே, அதிகாரிகள் பரிசோதிக்கும்படி, பூட்டிவைக்க வேண்டுமென்று விதித்தது.

‘2025 ஆகஸ்டில் நம் பாராளுமன்றம் பணம் கட்டும் இணைய ஆட்டங்களையே தடை செய்தாயிற்றே, இனி என்ன?’ என்று கேட்பீர்கள். கடையை மூடினால் கணக்குப் புத்தகம் தானாக எரிந்துபோகுமா? எந்த நேரத்தில் ஆசைப்பட்டான், எத்தனை நஷ்டத்துக்குப் பிறகும் மறுபடி பணம் கட்டினான் என்பதெல்லாம் ஒரு மனிதனுடைய பலவீனத்தின் ஜாதகம். நாளைக்குக் கடன் கொடுக்கிறவனும், வேறு வலை விரிக்கிறவனும் அதற்கு நல்ல விலை கொடுப்பார்கள்.

காரியம் முடிந்தபின் விவரத்தை அழிக்க வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்வது போக, மற்றதை அழித்ததற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஆடினவன் கையில் எழுத்துமூலம் சான்று தரவேண்டும். தராதவனை அரசாங்கம் கூண்டில் ஏற்ற வேண்டும். தோற்றவனுடைய பணம் போனது போகட்டும். அவன் ஜாதகத்தையாவது அவனிடம் திருப்பிக் கொடுங்கள்!