பொத்தானைக் கழற்றாதீர்கள்

நம் சங்க ஆண்டு விழாவில் இந்த முறை இளைஞர்கள் அமைத்த பழம்பொருள் கண்காட்சியில் நான் வைத்த ராணுவக் கோட்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே இருந்த சீட்டைப் படித்துவிட்டு, "என்ன சார், அமெரிக்க நர்ஸ் என்று எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!" என்று குறைப்பட்டவர்களும் உண்டு. கமிட்டியிலும் சின்ன வாக்குவாதம் நடந்தது. அதனால் என் தரப்பை இங்கே எழுதுகிறேன்.

1988இல் நான் கரக்பூர் ரயில்வே பட்டறையில் சார்ஜ்மேன். பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்த ஆங்கிலோ-இந்திய மூதாட்டி ஒருவர், மகனோடு இருக்க ஆஸ்திரேலியா புறப்பட்டபோது, ஒரு டிரங்குப் பெட்டியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அடியில் இந்தக் கம்பளிக் கோட்டு. யுத்த காலத்தில் கல்கத்தாவில் இருந்த ஓர் அமெரிக்கச் சிநேகிதி விட்டுப் போனது என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு 'நர்ஸ் கோட்டு' என்று பெயர். அந்த வருட நவராத்திரிக்கு அதன் பித்தளைப் பொத்தான்களும் காலரில் இருந்த இரண்டு சின்னங்களும் கொலுவில் சிப்பாய் பொம்மைகளுக்கு அலங்காரமாகப் போயின. கழற்றிக் கொடுத்தவன் நான்தான். இரண்டு டிரான்ஸ்ஃபருக்குப் பிறகு பொம்மையும் இல்லை, பொத்தானும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு அமெரிக்கப் பெண்களின் பழைய சீருடைகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் நான் செய்த காரியத்தின் அளவு புரிந்தது.

பட்டறைக்கு வரும் வேகனை நாங்கள் பெயின்டை வைத்து அடையாளம் காண்பதில்லை. தகடு, அச்சில் அடித்த எண், வார்ப்பில் உள்ள குறி, இவைதான் பேசும். சீருடையும் அப்படியே. நிறமும் தையலும் பாதிதான் சொல்லும். மீதியைச் சொல்வது சின்னச் சின்ன உலோகங்கள்.

1942 மே மாதம் அமெரிக்க ராணுவத்துக்குத் துணையாகப் பெண்கள் படை ஒன்று அமைந்தது. 'வாக்' என்பார்கள். துணைப்படைதானே தவிர, ராணுவத்தின் உறுப்பு அல்ல. பொத்தானில்கூட ராணுவத்தின் கழுகு கிடையாது. அவர்களுக்கென்று தனிக் கழுகு. அதை வாத்து என்று கேலி செய்தவர்கள் உண்டு. 1943இல் சட்டம் மாறி அது ராணுவத்தின் அங்கமான 'வேக்' ஆனது. பொத்தானிலும் ராணுவக் கழுகு வந்தது. ஆக, ஒரு பொத்தான் மாறிய இடத்தில் ஒரு பெண்ணின் உரிமையும் மாறியிருக்கிறது!

கடற்படைப் பெண்கள் 'வேவ்ஸ்'. 1942 ஜூலையில் தொடங்கியது. நீல உடையை வடிவமைத்தவர் மெயின்போஷர் என்ற பிரபல ஆடைக் கலைஞர். அதிகாரிகளின் கைப்பட்டை தங்க நிறமாக இல்லாமல் வெளிர் நீலமாக இருக்கும். காலரில் நங்கூரமும் புரொப்பெல்லரும். கடலோரக் காவல்படையின் 'ஸ்பார்ஸ்' பெண்களும் ஏறக்குறைய அதே உடைதான். கேடயச் சின்னத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். 1943 பிப்ரவரியில் வந்த மரீன் பெண்களுக்குக் கரும்பச்சை.

என் கோட்டு பச்சை கலந்த காக்கி. கைமுனையைச் சுற்றி அதிகாரிகளுக்குரிய பட்டை இருக்கிறது. இடது தோளில் சீனா-பர்மா-இந்தியா போர்முனையின் முத்திரை: கேடய வடிவம், சிவப்பு வெள்ளைக் கோடுகள், மேலே நீலத்தில் ஒரு சூரியன், ஒரு நட்சத்திரம். அமெரிக்கர்கள் 1944 மார்ச்சில் பெங்கால்-அசாம் ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதையை நடத்த வந்தார்களே, அதே போர்முனை. ஆகவே உடைமைக்காரி இந்தியப் பக்கம் பணி செய்த ராணுவ அதிகாரி. இதுவரை சந்தேகமில்லை.

ஆனால் நர்ஸா, வேக் அதிகாரியா? இரு தரப்பாரும் இந்தியாவில் இருந்தார்கள். வேக் பெண்கள் 1944இல் விமானப்படைப் பணிக்கு வந்தார்கள். முதலில் நீல உடையில் இருந்த ராணுவ நர்ஸுகளும் போரின் நடுவில் காக்கிக்கு மாறிவிட்டார்கள். அதன்பின் கோட்டு ஏறக்குறைய ஒன்றுதான். காலர் சின்னம்தான் பிரிக்கும். வேக் என்றால் கிரேக்கத் தேவதை அதீனாவின் தலை. நர்ஸ் என்றால் பாம்பு சுற்றிய கோலின் மேல் 'என்' எழுத்து. உள்காலரில் நம் டோபி மார்க் மாதிரி ஓர் எழுத்தும் நான்கு எண்களும் இருக்கின்றன; பெயரின் முதல் எழுத்தும் ராணுவ எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் அது. முழு எண் இருந்தால் நர்ஸுக்கு 'என்', வேக் அதிகாரிக்கு 'எல்' என்று முன்னெழுத்தே காட்டிக் கொடுத்திருக்கும்.

நம் இளைஞர் ஒருவர், "சின்னமெல்லாம் புதிதாகவே கிடைக்கிறது மாமா, வரவழைத்துக் குத்திவிடலாம், யாருக்குத் தெரியும்?" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் நான் குத்தும் சின்னம் ஒரு பெண்ணின் வேலையை மாற்றி எழுதிவிடும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதே போரில் 'வாஸ்ப்' என்ற பெண் விமானிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீலச் சீருடையில் ராணுவ விமானங்களை ஓட்டினார்கள். 38 பேர் இறந்தார்கள். கணக்கில் அவர்கள் சிவிலியன்கள். உடலை ஊருக்கு அனுப்பத் தோழிகளே பணம் திரட்டியதும் உண்டு. போர்வீரர் என்ற அங்கீகாரம் 1977இல்தான் கிடைத்தது. ஏற்கெனவே மறக்கப்பட்டவர்கள் இவர்கள். பெயர்ச்சீட்டிலும் நாம் தவறு செய்யலாமா?

அதனால்தான் நான் எழுதியது: "அமெரிக்க ராணுவப் பெண் அதிகாரியின் கோட்டு. இரண்டாம் உலகப் போர், இந்தியப் போர்முனை. சின்னங்களும் பொத்தான்களும் எங்கள் வீட்டில் தொலைந்தன." கடைசி வரி வேண்டாமே என்றாள் என் மனைவி. அதுதான் வேண்டும் என்றேன்.

ஊர் விட்டு ஊர் வந்த நம் ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அப்பாவின் ரயில்வே கோட்டு, அத்தையின் நர்ஸ் பெல்ட்டு என்று ஏதாவது இருக்கும். பழைய துணிக்குப் பாத்திரம் தரும் பெண்மணி வாசலில் கூப்பிடும்போது ஒரு நிமிடம் யோசியுங்கள். பொத்தானைக் கழற்றாதீர்கள். இல்லாததைச் சேர்க்காதீர்கள். யாருடையது, எந்த ஊர், எந்த வருடம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பையில் போட்டு வையுங்கள். தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள்.