அக்பர் காலத்தில் கோதுமை என்ன விலை?

2008-ல் 'ஜோதா அக்பர்' இந்திப் படம் வந்தபோது ராஜஸ்தானில் பெரிய ரகளை. அக்பரின் ராஜபுத்திர மனைவிக்கு ஜோதா என்று பெயரே கிடையாது என்று போராட்டம். பல தியேட்டர்கள் படத்தைப் போடாமல் ஒதுங்கின. பிறகு 2013-ல் அதே பெயரில் ஜீ டிவியில் சீரியல் வந்தது. 2015 வரை ஐந்நூறு எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. அதற்கும் அதே பெயர்ச் சண்டை. சரி, பெயர் முக்கியம்தான். ஆனால் அந்தக் கால மனிதர்களின் அன்றாட வாழ்க்கையையே கொலை செய்திருக்கிறார்களே, அதற்கு ஏன் யாரும் கொடி பிடிக்கவில்லை?

சரித்திர சீரியல் அரண்மனைகளில் பெண்களுக்கு மூன்றே வேலைகள். ஒட்டுக் கேட்பது, பாலில் விஷம் கலப்பது, தூங்கும்போதும் நகையைக் கழற்றாமல் இருப்பது! அங்கே யாரும் சம்பளம் வாங்குவதில்லை, கணக்கு எழுதுவதில்லை, கடைக்குப் போவதில்லை. எட்டு மணி மாமியார்-மருமகள் சண்டைக்குத் தலைப்பாகை கட்டிவிட்டால் அது சரித்திரமாம்.

ஆதாரம் இல்லாததால் கற்பனை செய்தார்கள் என்றால் மன்னிக்கலாம். ஆனால் அக்பர் காலத்துக்கு ஆதாரம் கொட்டிக் கிடக்கிறது. அபுல் ஃபசல் எழுதிய 'அயினி அக்பரி'யில் விலைவாசிப் பட்டியலே இருக்கிறது. ஒரு மணங்கு கோதுமை 12 தாம், நெய் 105 தாம். 40 தாம் சேர்ந்தால் ஒரு ரூபாய். கடைசித் தர தச்சருக்கு ஒரு நாள் கூலி 2 தாம். அதாவது ஒரு மணங்கு கோதுமைக்கு அவர் ஆறு நாள் உழைக்க வேண்டும். அதே அளவு நெய் வாங்க ஐம்பது நாளுக்கு மேல்! இந்த ஒரு கணக்கில் எத்தனை குடும்பங்களின் கதை இருக்கிறது?

அந்தப்புரமும் அப்படித்தான். அங்கே ஒரு பெண்ணுக்கு ஏதாவது தேவை என்றால் அந்தப்புரக் காசாளரிடம் சொல்ல வேண்டும். அவர் சீட்டு எழுதி எழுத்தரிடம் அனுப்புவார். எழுத்தர் சரிபார்த்த பிறகுதான் கஜானாவில் பணம் கிடைக்கும். இன்றைய ஆபீஸ்களில் நடக்கும் வவுச்சர் முறை அன்றைக்கே இருந்திருக்கிறது! பணிப்பெண்களில் சிலருக்கு மாதம் 51 ரூபாய் வரை சம்பளம், சிலருக்கு வெறும் 2 ரூபாய். சீரியலில் பார்த்தால் எல்லாப் பணிப்பெண்களும் ஒரே மாதிரி பட்டு உடுத்தி, வரிசையாகத் தட்டு ஏந்தி நிற்பார்கள்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை கதாநாயகிக்கு நடந்தது. வரலாற்றில் மரியம் உஸ் சமானி என்ற பட்டத்தோடு அறியப்படும் அந்த ராஜபுத்திர ராணி, பிற்காலத்தில் கடல் வாணிபம் செய்தவர். அவருக்குச் சொந்தமான 'ரஹீமி' என்ற கப்பலை 1613-ல் போர்த்துகீசியர் பிடித்தார்கள். அப்போது அரியணையில் இருந்தவர் அவருடைய மகன் ஜஹாங்கீர். விஷயம் பெரிய அரசியல் தகராறாகவே வெடித்தது. கப்பல் முதலாளியாக இருந்த பெண்ணை சீரியல்காரர்கள் எதற்காக நினைவில் வைத்திருக்கிறார்கள்? கண்ணீருக்கும் கணவனோடு ஊடலுக்கும்!

"இது பொழுதுபோக்குதானே, ஆரம்பத்திலேயே கற்பனை என்று போட்டுவிடுகிறோமே" என்பார்கள். அந்த எழுத்து திரையில் நிற்பது சில வினாடிகள். தவறான படம் மனதில் பதிவது மாதக்கணக்கில், தினமும் அரை மணி நேரம். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பொய்கள் உண்மையாகிவிடுகின்றன. ஒன்று, அந்தக் காலத்தில் ராஜா ராணிகளைத் தவிர யாரும் வாழவில்லை. இன்னொன்று, பெண்களுக்குச் சூழ்ச்சி தவிர வேறு எதுவும் தெரியாது. இரண்டாவது பொய் சரித்திரத்தோடு நிற்பதில்லை. இன்று கடை நடத்துகிற, கணக்கு எழுதுகிற பெண்ணையும் அதே கண்ணோடுதான் பார்க்க வைக்கிறது.

செட்டுக்கும் நகைக்கும் கோடிகளைக் கொட்டுகிறவர்கள், அந்தக் காலத்துக் கணக்குப் புத்தகத்தைப் படிக்க ஒரே ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாதா?