ஒரு இ-சிகரெட்டுக்கு லட்ச ரூபாய் அபராதம்! பெட்டிக்கடை பிழைக்க வழி எது?

"அண்ணாச்சி, இ-சிகரெட் இருக்கா?"

குற்றாலத்தில் சாரல் விழுந்து, வெளியூர் கார்கள் வந்து குவியும் சீசனில் எந்தப் பெட்டிக்கடையிலும் இந்தக் கேள்வி வரலாம். 'பத்து பீடிக்கட்டு வித்தாலும் கிடைக்காத காசு ஒரே சாமானில் கிடைக்குமே, நாலு எண்ணம் உள்ளே வெச்சா என்ன?' என்று ஆசையும் எட்டிப் பார்க்கும்.

வேண்டாம் அந்த ஆசை! சட்டப்படி ஆபத்து. வியாபாரக் கணக்குப்படியும் நட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழக அரசு 2018-லேயே இ-சிகரெட்டுக்குத் தடை போட்டது. 2019 செப்டம்பர் 18-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. டிசம்பரில் அது நாடு முழுவதற்கும் நிரந்தரச் சட்டமாகிவிட்டது. தென்காசி தனி மாவட்டமானதும் அதே 2019 நவம்பர் 22-ல்தான்.

முதல் தடவை விற்றுப் பிடிபட்டால் ஓராண்டு வரை ஜெயில், அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் 3 ஆண்டு வரை ஜெயில், 5 லட்சம் வரை அபராதம். விற்கவே வேண்டாம், சரக்கை இருப்பு வைத்திருந்தாலே 6 மாதம் வரை ஜெயில் அல்லது 50 ஆயிரம் வரை அபராதம் உண்டு. சோதனை போட சப்-இன்ஸ்பெக்டரே போதும்.

'இதில் நிகோடின் இல்லை, வெறும் வாசனைதான்' என்ற சாக்கும் செல்லாது. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடைதான். புளியரை தாண்டி கேரளத்துக்குள் போனாலும் இதே சட்டம்தான்.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் இதற்கென்றே தனிக் கடைகள் சட்டப்படி நடக்கின்றன. அந்தக் கடைக்காரர் பிழைப்பது கருவியை விற்று அல்ல. கருவியை ஒரு தடவைதான் வாங்குவார்கள். அதில் ஊற்றும் திரவம், அடிக்கடி மாற்றும் கம்பிச்சுருள் இவைதான் ஆளைத் திரும்பத் திரும்ப வரவழைக்கும். தீர்ந்ததும் தூக்கி வீசும் ரகத்துக்கு 2025 ஜூன் 1 முதல் அங்கேயும் தடை. ஆக, அங்கும் கடையைத் தாங்குவது வாடிக்கைதான்.

நம்ம ஊர்க் கணக்கு

குற்றாலம் சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மிச்சம் ஒன்பது மாதம் கடையை ஓட்டுவது யார்? பக்கத்துத் தெரு ஆட்கள்தான். தென்காசி, ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். அந்தக் கூலி கைக்கு வந்தால்தான் பெட்டிக்கடை நோட்டில் கடன் அடையும். கார்க்காரர் இன்று வாங்குவார், நாளை ஊருக்குப் போய்விடுவார். மாட்டினால் கோர்ட்டுக்கு அலைவது அவரல்ல, கடைக்காரர்தான்!

ஒரே சாமானை நம்பினால் என்னாகும் என்பதற்குக் குற்றாலமே சாட்சி. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்க 2014-ல் ஐகோர்ட் மதுரைக் கிளை தடை விதித்தது. ஷாம்பு பாக்கெட்டை மட்டும் தொங்கவிட்டவர் பாடு திண்டாட்டம். துண்டு, பழம், சிப்ஸ் என்று நாலும் வைத்தவருக்கு வேறு வழி இருந்தது. 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் பலியானான். அருவிகளில் குளிக்கத் தடை வந்தது. வெளியூர்க் கூட்டத்தை மட்டும் நம்பிய கடைகளுக்கு அது பெரிய அடி.

பீடி, சிகரெட் மட்டும் நல்லதா என்று கேட்கலாம். நல்லதல்ல. 2003-ம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக்கூடாது. பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் கடை ஆகாது. சிறுவர் கையில் புகையிலையைக் கொடுத்தால் 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தில் 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. இதையும் கடைக்காரர்கள் மறக்கக்கூடாது.

வெற்றிலை, வாழைப்பழம், சோடா, கடலைமிட்டாய்... இதில் எல்லாம் லாபம் சில்லறைதான். ஆனால் அந்தச் சில்லறை தினமும் வரும், போலீஸ் வராது. பெட்டிக்கடைக்கு அதுதான் முதல்!