இறக்க இடமில்லா நகரம்

உழவன் விளைவித்த பொருள் சந்தை சேர்ந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்? லொறி நகர எல்லையைத் தொட்டபோதன்று. மூட்டை கடைவாசலில் இறங்கியபோதுதான். இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் சிறு தொலைவைப் பற்றி நமது ஆட்சியாளர் சிந்திப்பதேயில்லை. நெடுஞ்சாலை அமைப்பதிற் காட்டும் ஊக்கத்தில் நூறிலொரு பங்கேனும் இதிற் காட்டுவாரில்லை.

வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த வெங்காயமும் வாழைக்குலையும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து ஓரிரவிற் கொழும்பை எட்டிவிடுகின்றன. எட்டிய பின்னரே தொல்லை தொடங்குகிறது. புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்கள் ஒல்லாந்தர் காலத்தில் வகுக்கப்பெற்றவை; மாட்டுவண்டிக்குப் போதுமான அகலமே அவற்றுக்கு உண்டு. அவற்றின் ஓரங்களையும் பிற வாகனங்கள் மணிக்கணக்காக அடைத்து நிற்கின்றன. வேறு வழியின்றி லொறி நடுத்தெருவில் நிற்கிறது. பின்னால் வருவன யாவும் நிற்கின்றன. நாட்டாமைத் தொழிலாளர் முதுகிற் சுமையோடும் கைவண்டியோடும் அவற்றுக்கிடையே வழி தேடுகின்றனர்.

இத்தாமதத்தின் விலையைக் கொடுப்பவர் யார்? லொறிக்காரர் அதனை வாடகையிற் சேர்க்கிறார். வியாபாரி அதனைக் கொள்விலையிற் கழிக்கிறார். விற்பனை விலையிலும் ஏற்றுகிறார். விடியற்காலைச் சந்தையைத் தவறவிட்ட காய்கறிக்கு முற்பகலில் மதிப்பேது? முடிவிற் சுமை உழவன் தோளிலும் உண்பவன் தோளிலுமே விழுகிறது.

2020 நவம்பரில் மெனிங் சந்தை பேலியகொடைக்கு இடம் மாறியது. புறக்கோட்டையின் பாரம் ஓரளவு குறைந்தது உண்மையே. ஆயினும், பேலியகொடையிற் பெரிய லொறியிலிருந்து இறங்கிய பொருள் சிறிய லொறியிலும் முச்சக்கர வண்டியிலும் ஏறி நகரக் கடைகளை நாடியே வரவேண்டும். அவையும் எங்கேனும் நின்றுதானே இறக்கவேண்டும்? அன்றியும், அரிசி, சீனி, கிழங்கு, வெங்காயம் ஆகியவற்றின் மொத்த வியாபாரம் நான்காம் குறுக்குத் தெருவையும் அதன் அயலையும் விட்டு அகலவில்லை. சந்தையை மாற்றினார்கள், தெருவோரத்தை மறந்தார்கள்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரம் 2015இல் ஓர் ஒழுங்கைக் கொணர்ந்தது. பொருள் இறக்கும் தரிப்பிடங்கள் அங்கே கோடிட்டு ஒதுக்கப்பட்டுள்ளன. சாரதி கைத்தொலைபேசி மூலம் தன் வரவைப் பதிகிறான். பொதுவாக 30 நிமிடங்களுக்குள் இறக்கிவிட்டு அகலவேண்டும். அதற்குக் கட்டணமில்லை. நேரத்தைக் காப்பதே நோக்கம்.

நமது தெருவுக்கு இக்கணக்கைப் பொருத்திப் பார்ப்போம். காலை 5 மணி முதல் 9 மணி வரை, அரைமணிக்கு ஒன்றாக, ஒரே தரிப்பிடத்தில் 8 வண்டிகள் இறக்கலாம்; நான்கு தரிப்பிடங்களில் 32 வண்டிகள் இறக்கலாம். அவ்விடங்களில் நான்கு கார்கள் காலை முழுவதும் நின்றுவிட்டால் அந்த 32 வண்டிகளும் நடுத்தெருவிலேதான் நிற்கும். தெருவோரம் பொதுச்சொத்து. அதனை முந்தி வந்தவன் உடைமையாக விட்டுவிடுவது நீதியாகாது.

1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் சபைகளுக்குத் துணைவிதி இயற்றும் அதிகாரத்தை அளித்திருக்கிறது. அவ்வதிகாரம் ஏட்டிலே துயில்வதற்கன்று. தரிப்பிடங்களை வரையறுக்க வேண்டும். நேரத்தைக் குறிக்க வேண்டும். பிற வாகனங்களை அங்கிருந்து அகற்ற வேண்டும். இறக்க இடம் காட்டாது தண்டம் மட்டும் அறவிடுவது ஆட்சியாகாது; அது வசூல். அறிவிப்புப் பலகைகள் தமிழிலும் இருக்கவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. சுன்னாகத்துச் சாரதி வாசிக்கவியலாத கட்டளையைக் காட்டி அவனைத் தண்டிப்பது எவ்வாறு முறையாகும்?

கொழும்பை மட்டும் குறைகூறி நாம் அமைதியடைய முடியாது. 1949 முதல் மாநகர சபையுடைய யாழ்ப்பாணத்திலே, கஸ்தூரியார் வீதியில் முதற் கோடுகளை நாமே இட்டுக்காட்டலாம். அதற்குக் கொழும்பின் தயவு வேண்டியதில்லை. சபையின் ஒரு தீர்மானமும், ஒரு வாளி வண்ணமும், அதனைக் காக்கும் உறுதியுமே வேண்டும். நம்மவர் கையிலுள்ள அதிகாரத்தை நாம் செவ்வனே பயன்படுத்திக் காட்டினால், நமக்குரிய ஏனைய அதிகாரங்களைக் கோரும் நமது குரலும் வலுப்பெறும்.

விவசாயச் சங்கங்களும் வர்த்தகரும் சட்டமறிந்தோரும் ஒன்றுகூடி இக்கோரிக்கையைத் தத்தம் சபைகளின் முன் வைக்குமாறு வேண்டுகிறோம். வியர்வை சிந்தி விளைவித்தவனின் மூட்டைக்கு இறங்க ஓரிடம் கொடுப்பது சலுகையன்று; அது அவன் உரிமை.