யாரைப் படிக்காதவர் என்கிறோம்?

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடும்போது நாம் பேசுகிற பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். "ஒழுங்காப் படிக்கலேன்னா மூட்டை தூக்கத்தான் போகணும்." "அவங்கல்லாம் படிக்காதவங்க, அவங்க பசங்களோட சேராத." "படிச்ச குடும்பத்துப் புள்ள மாதிரியா நடந்துக்கிற?" மூட்டை தூக்குகிறவர் அங்கேயே, இரண்டு வண்டி தள்ளி, தன் மகளின் பையை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குக் காது கேட்காது என்று நினைத்துவிட்டோமா?

"படிச்சவங்க" என்று நாம் யாரைத்தான் சொல்கிறோம்? பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஒருவர் நெடுஞ்சாலையோரம் நாலு மனை வைத்திருந்தால் அவர் 'பெரிய மனுஷர்'. அவரைப் படிக்காதவர் என்று சொல்ல நம்மில் யாருக்கும் நாக்கு வராது. சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர் ஐடிஐ முடித்திருப்பார், வரைபடம் படிப்பார், மைக்ரோமீட்டர் வைத்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடைந்து கொடுப்பார். அவர் மட்டும் "பெருசா ஒண்ணும் படிக்கல". ஆக, நாம் பார்ப்பது படிப்பை அல்ல, சட்டையை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நம்மைவிடப் பெருந்தன்மையானது. ஏழு வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவருக்கு ஏதாவது ஒரு மொழியில் பொருள் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், அவர் எழுத்தறிவு பெற்றவர். எந்தப் பள்ளி, எத்தனையாவது என்று கேட்பதில்லை. 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பது பேர் அப்படிப்பட்டவர்கள். பேருந்துப் பலகையைப் படித்து, மளிகைச் சிட்டை எழுதுகிற உங்கள் மாமியாரும் அந்த எண்பதில் ஒருவர்தான். வீட்டில் அவரை என்னவென்று சொல்கிறீர்கள்?

இந்தத் திருமழிசையில் இருந்துகொண்டு இதை நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. தை மகத்துக்குப் பிள்ளைகளுக்குப் பட்டுப் பாவாடை கட்டி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போகிறோமே, அங்கே கொண்டாடுகிற திருமழிசை ஆழ்வாரை வளர்த்தவர் யார்? குருபரம்பரைக் கதைப்படி, பிரம்பு அறுத்துப் பிழைத்த திருவாளனும் அவர் மனைவி பங்கயச்செல்வியும். முனிவருக்குப் பிறந்து புதரில் கிடந்த பிள்ளையை எடுத்து வளர்த்தார்கள். அந்தப் பிள்ளை சமணம், பௌத்தம், சைவம் என்று அந்நாளைய சமயங்களையெல்லாம் துருவிப் பார்த்துவிட்டு, பேயாழ்வாரிடம் வந்து சேர்ந்தது என்கிறார்கள். திருச்சந்த விருத்தம் 120 பாட்டு, நான்முகன் திருவந்தாதி 96 பாட்டு. அப்பேர்ப்பட்டவர் பெரும்புலியூரில் ஒரு திண்ணையோரம் வந்து நின்றபோது வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். இவர் காதில் விழக்கூடாதாம். இவர் நகர்ந்ததும் மறுபடி தொடங்கப் பார்த்தால், விட்ட இடம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. ஆழ்வார் வாயைத் திறக்கவில்லை. ஒரு கருநெல்லை எடுத்து நகத்தால் பிளந்து காட்டினார். விட்ட வரி அதைப் பற்றியதுதான். அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு அதிசயக் கதையாகச் சொல்லிவிட்டுப் பிரசாதம் வாங்கிக்கொண்டு வருகிறோம். திண்ணையில் இருந்தவர்கள் பார்த்தது என்ன? அவருக்கு என்ன தெரியும் என்பதையா, அவர் யார் வீட்டில் வளர்ந்தார் என்பதையா? அந்தத் திண்ணையில்தான் நாம் இப்போது உட்கார்ந்திருக்கிறோம்.

வள்ளுவரே கல்லாதவர்களைக் கடுமையாகத் திட்டியிருக்கிறாரே என்று யாராவது கேட்பீர்கள். திட்டியிருக்கிறார், அதிகாரமே வைத்துத் திட்டியிருக்கிறார். ஆனால் அடுத்த அதிகாரமே 'கேள்வி'. கல்லாவிட்டாலும் கேட்டுத் தெரிந்துகொள் என்று அங்கே கதவைத் திறந்து வைக்கிறார். நாம் முதல் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

ஜூலை 15 வந்தால் கல்வி வளர்ச்சி நாள். காமராசரைப் பற்றிப் பேச்சு எழுதிக் கொடுப்பதில் நமக்குள் போட்டி. 'படிக்காத மேதை' என்ற சொல் இல்லாத பேச்சு உண்டா? பன்னிரண்டு வயது வாக்கில் பள்ளியை விட்டவர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சர், பிள்ளைகள் பள்ளிக்கு வர மதியச் சோறு போட்டவர். மேடையில் அந்தச் சொல்லுக்குக் கைதட்டல். மறுநாள் காலை குப்பை வண்டி வந்ததும் அதே பிள்ளையிடம், "படிக்கலேன்னா இந்த மாதிரிதான்". பிள்ளை எதை நம்பும்?

பிள்ளைகளின் கைபேசியில் இப்போது புழங்குவது இன்னும் மோசம். 'தற்குறி' என்று ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் பத்திரத்தில் இடும் அடையாளத்துக்குப் பெயர் அது. நம் பாட்டன்மார் பலர் போட்டது. இடம் கைமாறிய பழைய பத்திரம் வீட்டில் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறொன்று. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு, தொழிற்கல்லூரியில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் அரசு சலுகை தருகிறது. 2010-லிருந்து இருக்கிறது. அதற்கு 'முதல் தலைமுறைப் பட்டதாரி' சான்றிதழ் வாங்க வேண்டும். தனக்கு முன்னால் வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று பிள்ளை சொல்ல வேண்டும், பூந்தமல்லி தாலுகா அலுவலகம் அதை விசாரித்துச் சான்று தர வேண்டும். எத்தனை கம்பீரமான தாள் அது! ஆனால் பன்னிரண்டு வருஷம் நம் பிள்ளைகளோடு படித்தபோது அந்தப் பிள்ளை மறைத்து வைத்ததும் இதே செய்தியைத்தானே? பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவை வரவேண்டாம் என்று தடுத்ததும் இதற்காகத்தானே? "உங்க அம்மா என்ன படிச்சிருக்காங்க?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டது நம் பிள்ளை. அந்தக் கேள்வியை அதற்குக் கற்றுக்கொடுத்தது நாம்.

பள்ளிகளும் லேசுப்பட்டவை அல்ல. ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு அப்பா அம்மாவை உட்காரவைத்து, டிகிரி என்ன, வீட்டில் இங்கிலீஷ் பேசுவீர்களா என்று கேட்கிற இடங்கள் இருக்கின்றன. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது: சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ எந்தத் தேர்வுக்கும் வடிகட்டலுக்கும் உட்படுத்தக் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். நம்மில் டிகிரி வைத்திருப்பவர்கள் அந்தக் கேள்விக்கு மகிழ்ந்துபோய்ப் பதில் சொல்லிவிட்டு வந்ததால்தான் அது இன்னும் கேட்கப்படுகிறது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பிரிவின் நகலோடு வருகிறேன். பேசப் போகிறவன் நான்தான், பயப்பட வேண்டாம். உங்களில் இரண்டு பேர் எழுந்து பக்கத்தில் நின்றால் போதும். மூட்டை தூக்குகிறவரும் வருவார், வழக்கம்போலக் கடைசி வரிசைக்குத்தான் போவார். அவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.