'ஆகையால்' என்னும் சொல்

தமிழில் 'ஆகையால்' என்ற சொல்லைப் போல் சாதுவாகத் தோன்றுவது வேறொன்றுமில்லை. ஆனால் அது வாயிற்படியில் நின்றுகொண்டு, முன்னே வருகிறவரை நமக்குக் காட்டிவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வருகிறவரைச் சத்தமில்லாமல் உள்ளே விட்டுவிடும்.

சுதந்திரத்துக்கு முன்னால் வெள்ளைக்காரத் துரைமார் பலர் சொல்லி வந்த வாதம் ஒன்று உண்டு. "இந்தியரில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர், ஆகையால் சுயாட்சிக்குத் தகுதியற்றவர்" என்பது அது. முதற்பாதி மெய்தான். எழுத்தறிவு குறைந்ததற்கு யார் காரணம் என்று 1931-ல் லண்டனில் காந்தியடிகள் கிளப்பிய வழக்கும், அதற்குக் கணக்குக் கேட்டு ஸர் பிலிப் ஹார்ட்டாக் தொடுத்த கேள்வியும் பிரசித்தமானவை. அது வேறு வழக்கு. இங்கே ஒளிந்து வந்தவர் யார்? "எழுத்தறிந்தவர்களே தங்களை ஆண்டுகொள்ளத் தகுந்தவர்கள்" என்ற சொல்லப்படாத வாக்கியம். துரைமார் அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவர்கள் ஊரிலேயே சங்கடப்பட்டிருப்பார்கள். இங்கிலாந்தில் நகரத் தொழிலாளர் பலருக்கு வோட்டுரிமை கிடைத்தது 1867-ல். ஆரம்பக் கல்விச் சட்டம் வந்ததோ 1870-ல். கட்டாயக் கல்வி எங்கும் பரவியது 1880-ல். வோட்டு முன்னே, பள்ளிக்கூடம் பின்னே! 1872-ல் செய்த இரகசிய வோட்டுச் சட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவர் வோட்டளிப்பதற்கென்றே தனி ஏற்பாடும் இருந்தது.

நம் நாட்டில் 1951-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி எழுத்தறிந்தவர் நூற்றுக்குச் சுமார் 18 பேர். அடுத்து வந்த பொதுத் தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டவர்கள் வாக்காளர்கள். அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னம், ஒரு தனிப் பெட்டி, காரியம் நடந்தேறியது.

ஒளிந்திருப்பதை வெளியே இழுத்து நிறுத்துவது நம் பழைய தர்க்க நூலாருக்குக் கைவந்த வித்தை. "மலையில் புகை தெரிகிறது; ஆகையால் நெருப்பு உண்டு" என்றால் அவர்கள் விட மாட்டார்கள். "புகையுள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல" என்பதையும் சொல்லியாக வேண்டும். சரி, அதையே திருப்பி, "நெருப்பு இருக்கிறது, ஆகையால் புகையும் உண்டு" எனலாமோ? கூடாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை ஏது? புகைக்கு ஈர விறகும் வேண்டும். சொல்லாமல் விட்டது அந்த ஈர விறகு! மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் இத்தகைய அனுமானங்களையும் அவற்றின் குற்றங்களையும் விரிவாக உபதேசிக்கிறார். கேட்டுக்கொண்டவள் ஓர் இளம் பெண் என்பதைப் பெண்மணிகள் கவனிக்க.

வீட்டுக்குள்ளும் இந்தச் சரக்கு ஏராளம். "பையன் கணக்கில் 20 மார்க் வாங்கினான்; ஆகையால் அவனுக்கு மூளையில்லை" என்கிறார் தகப்பனார். மூளையுள்ளவர் எல்லோரும் கணக்கில் நிறைய மார்க் வாங்குவர் என்றல்லவா இதற்குப் பொருள்? தகப்பனாருடைய பழைய மார்க்குகளைப் பற்றி நாம் விசாரிக்கப் போவதில்லை.

இன்னொன்று, கலியாணப் பேச்சில் அடிக்கடி கேட்பது: "பிள்ளைக்குப் பட்டணத்தில் நல்ல சம்பளம், ஆகையால் பெண் சுகமாக இருப்பாள்." இதற்குள் ஒளிந்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேர். முகூர்த்த ஓலை எழுதுவதற்கு முன்னால் நேயர்கள் அவர்களைத் தேடிப் பார்க்கலாம். பெண்ணையும் கூட வைத்துக்கொண்டு தேடினால் சீக்கிரம் அகப்படுவார்கள்.