நிறைந்த வலையும் சூடேறிய கடலும்

நெத்தலியைத் தலை கிள்ளித் துப்பரவு செய்யும்போது, இது ஒரு நாட்டையே ஆட்டிவைத்த மீன் என்று நினைத்ததுண்டா? நம் கடல் நெத்தலியை அல்ல, தென்னமெரிக்காவில் பெரு நாட்டுக் கடலில் வாழும் அதன் உறவை. அங்கே அதை மீன்தூளாக்கிக் கோழித்தீனுக்கும் விற்கிறார்கள்.

பெருவின் கரையோரக் கடல் குளிரானது. காற்று மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்துக் குளிர்நீர் சத்துக்களோடு மேலே வரும். நெத்தலிக்கு உணவான நுண்ணுயிர்கள் அதில்தான் பெருகும். சில ஆண்டுகளில் பசுபிக்கின் சூடான நீர் வந்து மூடிக்கொள்ளும். இதுவே எல் நினோ.

1970இல் பெரு பிடித்தது சுமார் 1 கோடியே 20 இலட்சம் தொன். 1972இல் எல் நினோ வந்தபோது, எஞ்சியிருந்த குளிர்நீரைத் தேடி மீன்கள் கரையருகே வந்து குவிந்தன. வலைகள் நிறைந்தன! நிறைந்த வலையைப் பார்ப்பவருக்கு மீன் அழிகிறதென்று எப்படித் தோன்றும்? அளவுமிஞ்சிப் பிடித்ததும் சேர்ந்துகொள்ள, 1973இல் 20 இலட்சம் தொன்கூடக் கிடைக்கவில்லை.

இப்போது முதலில் பார்ப்பது கடலைத்தான். செய்மதிகளும் மிதவைகளும் நீரின் வெப்பத்தை அளக்கின்றன. ஆய்வுக் கப்பல்கள் மீனையும் குஞ்சுகளையும் கணக்கெடுக்கின்றன. பிறகே அரசு அளவு நிர்ணயிக்கும். 2023இல் நீர் சூடாகி, குஞ்சுகளே மிகுந்திருந்ததால் வட, மத்திய கடலில் முதற்பருவ மீன்பிடி ரத்தானது. கூலி நின்ற வீடுகளில் அந்த முன்னறிவிப்பு சோறு போடவில்லை என்பதும் உண்மைதான். 2024 முதற்பருவத்தில் 24 இலட்சம் தொன்னுக்கு மேல் அனுமதி கிடைத்தது. அநேகமாக முழுவதும் பிடிபட்டது.